நோட்டீஸ் போர்டில் ஒட்டிய லாக்

மார்ச் 3, திங்கள்

மூன்றாவது லைன் பிரஸ் இன்று ஓடுகிறது. வெள்ளிக்கிழமை ஜோதி அக்காவின் விரலை நசுக்கிய அதே பிரஸ். துடைத்துவிட்டு ஓட்டுகிறார்கள்.

பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு கம்பம், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளி. லைட் கர்ட்டன் என்போம். கை குறுக்கே போனால் பிரஸ் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அக்கா பக்கவாட்டில் கையை விட்டிருப்பாள் என்கிறார் சூப்பர்வைசர் வனமாமலை. பார்த்தாரா? கேன்டீனில் இருந்தார்.

மார்ச் 4

மெஷின் கம்பெனி டெனிசன் வந்தான். விபத்தின்போது பிரஸ்ஸுக்குள் என்ன ஓடியது என்ற லாக்கை அச்செடுத்துத் தந்தான். வனமாமலை அதை நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டிவிட்டார். தப்பு மெஷின் மேல் இல்லை என்பதற்கு ஆதாரமாம்.

எழுத்தும் எண்ணும் ஒட்டிக் கிடக்கும் நீள நீளமான வரிகள். ஒன்றில் லைட் கர்ட்டன், ஆயில் வால்வு, பைபாஸ் எல்லாம் சேர்ந்து கிடந்தன. பைபாஸ் எதற்கு என்று வனமாமலையிடம் கேட்டேன்.

"ஆயில் லைனுக்கும்மா. டிரெய்னிக்கு எதுக்கு இது? வேணும்னா நீயே படிச்சுச் சொல்லேன், கேப்போம்."

இத்தனை தைரியமாக ஒருவர் ஒட்டினால், யாராலும் படிக்க முடியாது என்று நம்புகிறார்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றிச் சாம்பலோடு அக்கா வீட்டுக்குப் போனேன். கை முழுக்கக் கட்டு. "கவனக்குறைவு என்னுடையது" என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம். போட்டால் வேலை போகும். திங்களன்று விசாரணை.

"போர்டுல இன்னா எய்திக்கீது ஷாலினு? நான் தப்புன்னா?"

தெரியாது என்றேன். அவள் கேட்ட விதம் — கையை விட்டோமா என்று அவளுக்கே சந்தேகம் வரவைத்துவிட்டார்கள். பாவிங்க.

மார்ச் 6

புரோகிராமில் நாம் வைக்கும் பெயர்களை, அதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் இப்படி மடித்து நசுக்கிவிடும். பிரித்துக் காட்ட c++filt என்று ஒரு சின்னக் கருவி உண்டு. கட்டளை அடித்தால் போதும். தண்டலம் காலேஜில் படித்தபோது இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தது.

அதையும் நம்பவில்லை. நானே ஒரு புரோகிராம் எழுதி, பெயரை நசுக்கவிட்டு, பிரித்துப் பார்த்தேன். சரியாக வந்தது. பிறகு போர்டில் எடுத்த போட்டோவைப் பார்த்து, எழுத்து எழுத்தாக அடித்தேன்.

பைபாஸ் ஆயில் லைனுக்கு இல்லை. லைட் கர்ட்டனுக்கு. கை குறுக்கே வந்தாலும் நிற்காதே என்று அர்த்தம். அதைப் போட்டுவிட்டது ஃபாஸ்ட் மோட். மாதக் கடைசியில் டார்கெட் ஏறாதபோது போடுவது. அதன் சாவி வனமாமலை இடுப்பில்.

மார்ச் 8

டெனிசனைக் குன்றத்தூரில் டீக்கடையில் பிடித்தேன். கிளாஸைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"புரோகிராமை வெளிய அனுப்பறப்போ அந்தப் பேரையெல்லாம் எடுத்துடணும். மறந்துட்டேன். என்னை இழுக்காத."

மறந்தானா? வனமாமலையிடம் போய்ச் சொல்வானா? போட்டோவை மூன்று பேருக்கு அனுப்பிவைத்தேன்.

மார்ச் 10

போர்டில் லாக் இல்லை. பசைத் தடம் மட்டும்.

அக்காவோடு ஒருவர் வரலாம் என்றார்கள். நான் போனேன். போட்டோவை நீட்டி, அவர்கள் கம்ப்யூட்டரிலேயே பிரித்துக் காட்டினேன். எச்.ஆர். இருமுறை அடிக்கச் சொன்னார். சாவி யாரிடம் என்று அக்காதான் கேட்டாள். வனமாமலை இடுப்புச் சாவியைக் கையால் மூடிக்கொண்டார்.

"மேலேந்து போடச் சொன்னாங்க."

மேலே யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 19

எனக்கு டிரெய்னிங் நீட்டிப்பு கிடையாதாம். ஏப்ரலோடு சரி. காரணம் கேட்டேன். "பாலிசி."

ஏப்ரல் 30

மாதக் கடைசி. என் கடைசி நாள்.

அக்கா அதே பிரஸ்ஸில். காலையில் பிரஸ் நின்றது. லாக் எடுத்துப் பார்த்தேன். பெயர்களே இல்லை, வெறும் எண்கள். கருவியில் போட்டால் போட்டது அப்படியே வருகிறது. போன வார அப்டேட்டாம். செய்தவன் மெஷின் கம்பெனியின் புது ஆள். டெனிசன் எங்கே என்றேன், தெரியாது என்றான்.

டெனிசனுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை.

மெஷின் திரும்ப ஓடியது. அக்கா அட்டைப்பெட்டி மூடி ஒன்றைக் கிழித்து வைத்திருக்கிறாள். முதலில் அட்டையை ஒளிக்குள் நீட்டுகிறாள். பிரஸ் நிற்கிறது. பிறகுதான் கை. ஒவ்வொரு பீஸுக்கும்.

டார்கெட் பாதிகூட ஏறவில்லை. பக்கத்து பிரஸ்காரியும் ஒரு துண்டு அட்டை கேட்டாள்.