இல்லத்தரசியின் சட்டைக் காலர்

ஏலத்தோட்ட ஜீப்பில் ஓரத்து இடத்துக்குச் சண்டை பிடிக்கும் என் அம்மாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. அப்பா நினைவுநாள் போஸ்டர் அடிக்கக் கொடுத்திருக்கிறார். கம்பம் பஸ் ஸ்டாண்டுச் சுவர், நம் தெருமுனை, ஜீப் நிற்கும் இடம் என்று எங்கெங்கே ஒட்டுவது என்பதுவரை யோசித்து வைத்திருக்கிறார். அச்சகத்தில் கொடுத்த மாதிரித் தாளை என்னிடம் நீட்டி, எழுத்துப் பிழை மட்டும் பார்க்கச் சொன்னார்.

பிழை இல்லை. உன் பெயர் சரியாக இருந்தது. பாண்டியம்மாள். அதன் கீழே, மற்றவர்களுக்கு உத்தியோகம் போடும் இடத்தில், இல்லத்தரசி.

நீ வீட்டில் எப்போது இருந்தாய்?

நம் திராட்சைக் கொடி பட்டுப்போன வருஷத்திலிருந்து நீ மலைக்குப் போனாய். விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு ஜீப் ஏறுவாய். கேரளாப் பக்கம் நாளெல்லாம் ஏலக்காய் பறித்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு இறங்கி வருவாய். அந்தக் கூலியில்தான் நான் மதுரையில் வரலாறு படித்தேன். கடைசியாகக் காய்ச்சலோடுதான் ஏறினாய்.

அந்தச் சொல்லை அடிக்கச் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். அடிக்கவில்லை. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தேனி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உனக்கு இது தெரியாது. தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பெரிய வகுப்புக்கு வரலாறு. பரீட்சையில் இப்போது புதுமாதிரி ஒரு கேள்வி. பழைய ஆவணம் ஒன்றிலிருந்து சில வரிகளைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கல்வெட்டு, ஒரு கலெக்டரின் அறிக்கை, ஏதோ ஒன்று. இதை யார் எழுதியது, யாருக்காக, என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது? இதையெல்லாம் யோசித்துக் கட்டுரை எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. மனப்பாடம் செய்ய வழியில்லாத கேள்வியைக் கேள்வியாகவே அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. தாளில் இருப்பதையே கொஞ்சம் நீட்டி எழுதித் தந்துவிடுகிறார்கள். ராஜா நல்லவர் என்று கல்வெட்டு சொன்னால் ராஜா நல்லவர். கல்வெட்டை வெட்டச் சொன்னது யார் என்று கேட்டால் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள்.

அன்று மதியம் கல்வெட்டை ஓரமாக வைத்துவிட்டு உன்னைக் கொடுத்தேன். அடியில் இருந்த எங்கள் பெயர்களை மறைத்து ஜெராக்ஸ் எடுத்திருந்தேன். யாரோ ஒரு அம்மா, குடும்பத்தார் போட்ட போஸ்டர் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் சிரித்தார்கள். செத்தவர்கள் போஸ்டரெல்லாம் பரீட்சைக்கு வருமா என்று ஒருவன் கேட்டான். பிறகு மெல்லக் குனிந்தார்கள். பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் வருஷம் மட்டும் இருப்பதை ஒருத்தி கண்டுபிடித்தாள். இறந்த நாளுக்கு மணிகூடப் போட்டிருக்கிறார்களே என்றாள். கரும்பலகையைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

போடியிலிருந்து வரும் சரண்யா படத்தின் கழுத்துப் பக்கம் விரலை வைத்தாள்.

"மிஸ், இவுக சேலைக்கு மேல சட்டை போட்டிருக்காக. காலர் தெரியுது பாருங்க. எங்க சித்தியும் ஏலத்தோட்டத்துக்குப் போறப்ப இப்படித்தான் போடும். வீட்ல இருக்கவுக எதுக்குச் சட்டை போடப்போறாக?"

உன்னைத் தனியாக எடுத்த படம் வீட்டில் இல்லை. தோட்டத்தில் யாரோ எடுத்த குழுப் படத்திலிருந்து உன் முகத்தை வெட்டியிருந்தார்கள். நான் பிழை பார்த்த தாள்தான். சொல்லையே முறைத்துக்கொண்டிருந்ததில் காலரைப் பார்க்கவில்லை.

"அப்ப இந்தப் பேப்பர் பொய் சொல்லுதா மிஸ்?"

கடைசி பெஞ்சு முருகேசன், எப்போதும் தூங்கி வழிகிறவன், எழுந்திருக்காமலே சொன்னான்.

"பொய்யின்னு எப்படி மிஸ் சொல்றது? அவுக வீட்ல அப்படி ஆசப்பட்டிருப்பாக."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. யாருக்காக எழுதப்பட்டது என்று வருஷம் முழுக்க நான் கேட்கச் சொல்லிக்கொடுத்த கேள்வி. அதை என் வீட்டில் நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். சண்டை போடுகிற குரலில் இல்லை. இந்தச் சொல்லை ஏன் போட்டீர்கள் என்று மட்டும். அவர் வெகுநேரம் துண்டை உதறிக்கொண்டே இருந்தார்.

"கொடி பட்டதும் நான் ஒக்காந்துட்டேன், அவ போனா. காச்சலோட கெளம்புறப்பக்கூட நான் வேணாம்னு சொல்லலத்தா. செவுத்துலயாவது வீட்ல இருக்கட்டுமேன்னு போட்டேன்."

அம்மா, இதற்கு நான் என்ன எழுதுவது? எத்தனை மதிப்பெண் போடுவது?

அச்சகக்காரர் சட்டையைக் கம்ப்யூட்டரில் மறைத்துப் பட்டுச்சேலையும் அட்டிகையும் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அப்பாவும் சரி என்றிருக்கிறார். உனக்கு அட்டிகை. நீ கேட்டால் ஜீப்பே அதிரச் சிரித்திருப்பாய். நான் தாளை அவர் கையில் கொடுத்து, காலரைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் கையை நீட்டித் தூரவைத்துப் பார்த்தார்.

"இது என் சட்டைல்ல?"

ஆமாம் என்றேன்.

"கோடு போட்டது. கிழிஞ்சதத் தச்சுத் தச்சுப் போடுவா." கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். "இத எடுக்க வேணாம்னு சொல்லிருத்தா. பட்டு கிட்டெல்லாம் வேணாம்."

சிவப்புப் பேனாவை எடுத்தேன். இல்லத்தரசியைத் தொடவில்லை. படத்துக்குப் பக்கத்தில், சட்டை அப்படியே இருக்கட்டும், தோள்வரை தெரியட்டும் என்று எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஆக, சுவரில் நீ இரண்டு இடத்திலும் இருக்கப் போகிறாய். அப்பா உட்காரவைத்த வீட்டிலும், நீயாக ஏறிப்போன மலையிலும். உன் ஜீப்புக்காரிகள் விடியக்காலையில் பார்ப்பார்கள். அந்தச் சொல்லைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். சட்டையைப் பார்த்துவிட்டு என்ன செய்வார்கள்?

பிள்ளைகளின் கட்டுரைகள் மேசையில் கிடக்கின்றன. இன்னும் திருத்தவில்லை. பெயர் மறைக்காத போஸ்டர் வந்ததும் வகுப்புக்கு எடுத்துப்போவேன். இது யார் என்று சொல்வேன். அப்புறம் அவர்கள் என்னிடம் என்ன கேட்டாலும், தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். இது உனக்கு என் வாக்கு.

ஏலத்தோட்டத்துப் பாண்டியம்மாளின் மகள்,
பூங்கொடி