விதைநெல் சாக்குக்குள் போன ஷெங்

கரடியனாறு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் வதனிக்கு,

மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே அம்மா சுகம், மாடுகள் சுகம், எனக்கும் உடம்பு சுகம், மனம் மட்டும் ஓரிடத்தில் இருக்குதில்லை. நீயும் மருமகன் உதயரூபனும் பேத்தி ஆர்த்திகாவும் சிங்கப்பூரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேணும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். கையில் போன் இருக்க இந்த மனுசன் ஏன் கொப்பித் தாளைக் கிழிக்கிறார் என்று நினைப்பாய், அதுக்குக் காரணம் இருக்கிறது, வாறன். வயல் வட்டையில் அறுவடை முடிந்தது, ஒரு மூலையை யானை தின்றது, மிச்சத்தை நாங்கள் தின்போம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. இந்தக் கடிதத்தைத் தொடங்கியதில் இருந்து மூன்று தரம் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன், இனிக் குடிக்க மாட்டேன் என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாயே, ஆர்த்திகா பள்ளிக்கூடத்து வாத்தியக்குழுவில் ஊதுகிற அந்த ஷெங் என்ற சீனக் கருவியில் ஒரு குழல் ஊமையாகிவிட்டது, அது பள்ளிக்கூடத்துச் சொத்து, பொறுப்பில்லாத பிள்ளை என்று ரீச்சர் சொல்லிவிட்டா, வருகிற திங்கட்கிழமை கருவியைத் திருப்பிக் கொடுத்துப் பெயரையும் வெட்டுவித்துப் புத்தகத்தோடு இருத்தப் போகிறேன் என்று. அடுத்த மாதம் போட்டியாம், பிள்ளை ஒரு வருசமாக ஊதிப் பழகினதாம். மகள், அதைப் பழுதாக்கியது ஆர்த்திகா இல்லை. உன் அப்பன்.

நீங்கள் லீவுக்கு வந்து நின்ற அந்த ஒரு கிழமையும் பிள்ளை விறாந்தையில் இருந்து ஊதினாள் அல்லவா. ஒரு கிண்ணத்தில் மூங்கில் குழல்களை நெருக்கி நட்டு வைத்த மாதிரி ஒரு சாமான், நம்முடைய புல்லாங்குழல் மாதிரி இல்லை, ஓட்டையைப் பொத்தினால்தான் அந்தக் குழல் சத்தம் போடும், மூச்சை விட்டாலும் சத்தம், இழுத்தாலும் சத்தம். என்னையும் ஊதச் சொன்னாள், ஊதினேன், கோழிகள் வளவை விட்டுப் போய்விட்டன. ஊதி முடிந்தால் மூச்சின் ஈரம் உள்ளே நிற்கும் அம்மப்பா, நல்லாகக் காய வேணும் என்று சொல்லித் துடைத்துக் கதிரையில் வைத்துவிட்டு, போவதற்கு முதல் நாள் உங்களோடு பாசிக்குடாவுக்குக் கடலில் குளிக்கப் போனாள். சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்க எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கவில்லை. என் கூட்டாளி ஏறாவூர் முத்தலிப்பின் போன் வாவிக்குள் விழுந்து, அரிசி வாளிக்குள் இரண்டு நாள் கிடந்து, இன்றைக்கும் அவன் காதுக்குள் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. அரிசிக்கே அந்தக் குணம் என்றால் என்னுடைய விதைநெல்லுக்கு எவ்வளவு இருக்கும்! உள்ளே எவ்வளவு ஈரம் என்று பார்க்க ஒரு குழலை இழுத்தேன், கழன்று வந்தது. அடியில் நகக்கண் அளவில் ஒரு பித்தளை நாக்கு, மெழுகால் ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் அரை மணித்தியாலம் வெயிலில் வைத்து, பிறகு விதைநெல் சாக்குக்குள் பக்குவமாகப் புதைத்தேன். மெழுகை வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்காதே, இப்போது எனக்கும் தெரியும். எடுத்துப் பார்த்தால் நாக்கைக் காணவில்லை. குழலைத் திருப்பிச் செருகி, துடைத்து, கதிரையில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல இருந்தேன். விடியக் காலையில் நீங்கள் வான் வண்டியில் ஏறும்போது, பத்திரம் மகள், அந்தச் சாமான் பத்திரம் என்று சொன்னதும் நானேதான்.

ஞாயிற்றுக்கிழமை அவளை நீ ஏசுவது எனக்கு இங்கே கேட்டது. அதுக்குப் பிறகு அவள் போனை வாங்கிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மப்பா, உங்கட விதைநெல்லு நல்லாக் காஞ்சிட்டா?" கேட்டுவிட்டு மெல்லச் சிரித்தாள், போனை உன்னிடம் தந்துவிட்டாள். அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு நெல்மணியாவது கிடந்திருக்கும், அவள் கண்டிருப்பாள். பதினாலு வயதுப் பிள்ளை எனக்காக அவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கொண்டு வாயே திறக்கவில்லை, அறுபத்தெட்டு வயதுக் கிழவன் நான் சாப்பிட்டியா என்று உன்னைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்குப் பிறகு மனம், இருந்தால் நிற்கச் சொல்கிறது, நின்றால் நடக்கச் சொல்கிறது.

நேற்று அந்தச் சாக்கை அப்படியே படங்கு விரித்துக் கொட்டிச் சுளகால் புடைக்கத் தொடங்கினேன். "மறுகா என்னத்தத் தேடுறீங்க?" என்று அம்மா வந்தா. கல் பார்க்கிறேன் என்றேன். "விதைநெல்லுல கல்லுப் பாத்த முதல் ஆள் நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டு தானும் ஒரு சுளகோடு இருந்தா. அரை மணித்தியாலத்தில், "இஞ்ச பாருங்க, இதென்ன, உங்கட பல்லா?" என்று தூக்கிக் காட்டினா. அதே பித்தளை நாக்கு. முழுக் கதையையும் சொன்னேன். ஏசுவா என்று பார்த்தேன், ஏசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "என்னட்டச் சொல்லி என்ன, வதனிட்டச் சொல்லுங்க" என்றா. நான்கு தரம் உனக்குப் போன் எடுத்தேன், நான்கு தரமும் உன் குரலைக் கேட்டதும் அங்கே மழையா என்று கேட்டேன். அப்பாவுக்கு உடம்புக்கு ஏதுமா என்று நீ அம்மாவிடம் விசாரித்தாயாம்.

முத்தலிப்பின் மகன் பாஹிம் லீவு முடிந்து நாளைக்குச் சிங்கப்பூர் போகிறான், வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வந்து இதைத் தருவான். நெருப்புப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி அந்த நாக்கு இருக்கிறது, வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துத் திற, எங்கும் தவறவிடாதே. நீயோ மருமகனோ பசை வைத்து ஒட்டப் பார்க்க வேண்டாம், நம் குடும்பத்தில் ஒரு மெக்கானிக் போதும். திங்கட்கிழமை அந்தப் பெட்டியோடு நீயே ரீச்சரிடம் போ, ஒட்டத் தெரிந்த ஆளை அவா காட்டுவா. கருவியைத் திருப்பிக் கொடுக்க இல்லை, என் பிள்ளை அதை ஒழுங்காகத்தான் வைத்திருந்தாள், ஊரில் இருக்கிற என் அப்பா நெல்லுக்குள் புதைத்தார் என்று சொல்ல. வெட்கப்படாமல் என் பெயரையும் சொல்லு. படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படாதே மகள், நான் ஒரு வாத்தியமும் தொடாமல் படித்தவன், இரண்டு தரம் சோதனை எழுதியும் கணக்கில் தேறவில்லை. அவளை ஏசினதுக்கு அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லு. என் பங்குக்கு இந்தக் கடிதத்தை அவளுக்கு உரத்து வாசித்துக் காட்டு, கோழி போன இடத்தையும் விடாமல்.

மூன்று பேரும் ஒற்றுமையாக, நெடுங்காலம் நல்லா இருக்க வேணும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆர்த்திகாவிடம் சொல்லு, விதைநெல் நல்லாகக் காய்ந்துவிட்டது என்று. நாக்கை ஒட்டின உடனே அந்தக் குழல் ஒன்றை மட்டும் பொத்தி ஊதி எனக்குப் போனில் கேட்க வைக்கச் சொல்லு. அதுவரைக்கும் மாடு தண்ணீர் குடிக்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
ஏச்சுக்குக் காத்திருக்கும் அப்பா
க. நல்லரத்தினம்