நீ பார்க்காத பெட்டி

இன்று காலை ஒரு மாணவி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திரையில் யாரோ ஒருவருடைய கண் அசைவின் வரைபடம். கோடு நடுங்கிக்கொண்டே போயிற்று. “சேர், ஒரே இரைச்சலா இருக்கு. ஆட்டத்தக் குறைக்க எந்த வடிகட்டி போடுறது?” என்றாள். அந்த நடுக்கம் அப்படியே உன்னுடையதைப் போல இருந்ததடா.

கொட்டகலையில் நாம் ஒன்றாகப் பள்ளிக்கூட பஸ் ஏறிய காலத்தில் உன் வாயை மூடவைக்க ஒருவராலும் முடிந்ததில்லை. நரம்பு நோய் வந்து கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாகக் கட்டிப்போட்ட பிறகு கண் மட்டும் மிஞ்சியது. உங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், கட்டிலுக்கு எதிரே, ஒரு சின்னக் கெமராவையும் திரையையும் நான்தான் பொருத்தினேன். இடப்பக்கப் பெட்டியில் ‘ஆமா’, வலப்பக்கம் ‘இல்ல’, நடுவில் ‘வலிக்குது’, கீழே எழுத்துகள். நீ எந்தப் பெட்டியைப் பார்க்கிறாயோ அதைக் கணினி வாய்விட்டுச் சொல்லும்.

கண் ஓரிடத்தில் நிற்காது. கெமராவும் தன் பங்குக்குப் புள்ளியை ஆட்டும். பனி விலகிச் சன்னலில் வெயில் அடித்தால் இன்னும் மோசம். அதனால் சராசரி எடுக்கும் வடிகட்டியைப் போட்டேன். கடைசியாக வந்த புள்ளிகளையெல்லாம் கூட்டிப் பங்கிட்டு ஒன்றாக்கும். திரை அமைதியானது. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆனால் மலையில் வேலை முடிந்து உன் அம்மா வந்து ஏதாவது கேட்டாலே கணினி “வலிக்குது” என்றது. அம்மா பதறிப்போய், கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் உன் காலைத் தேய்ப்பார். “எங்கப்பா வலிக்குது? இங்கயா?” நீ ‘இல்ல’ பக்கம் திரும்புவாய், மறுபடியும் “வலிக்குது”. அம்மா சாப்பிடாமல் அழுதுகொண்டு கிடந்தார். நீ எழுத்தெழுத்தாகப் பார்த்து எனக்குச் சொன்னாய்: “நடுவுல நான் பாக்கவே இல்லடா மடையா.”

அப்போதுதான் புரிந்தது. உன் கண் ‘ஆமா’விலிருந்து ‘இல்ல’வுக்கு ஒரே தாவலாகத் தாவும். சராசரியோ இரண்டுக்கும் இடையில், நீ பார்க்காத இடத்தில், தயங்கி நிற்கும். அதை எடுத்துவிட்டு இடையம் பார்க்கும் வடிகட்டியைப் போட்டேன். அது புள்ளிகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை மட்டும் எடுக்கும். கண் சிமிட்டும்போது தெறிப்பதைத் தள்ளிவிடும். தாவலைத் தாவலாகவே விடும். புள்ளி கொஞ்சம் ஆடியது. “ஆடட்டும் விடு,” என்றாய். அன்று அம்மா, “தேத்தண்ணி வேணுமா சாமி?” என்று கேட்டதும் உடனே “ஆமா” வந்தது. அதன்பின் நடுப்பெட்டி சும்மா கிடந்தது. அம்மாவும் தூங்கினார்.

கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம், அம்மா மலைக்குப் போயிருந்தார். உன் கண் நேராக நடுப்பெட்டிக்குப் போய் நின்றது. “வலிக்குது.” வடிகட்டியில்தான் பிழை என்று நான் கணினிப் பக்கம் திரும்பினேன். நீ மறுபடியும் அங்கேயே பார்த்தாய். பிறகு மெதுவாக எழுதினாய்: “அம்மாகிட்ட சொல்லாத.” அம்மா வீட்டில் இருந்த நேரங்களில் ஒரு தடவைகூட நீ அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

போன வாரமும் லயத்துக்குப் போனேன். அம்மா ரொட்டி சுட்டுத் தந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, எப்போதும் கேட்பதையே கேட்டார்.

“கடைசியில அவனுக்கு வலிச்சிச்சாப்பா? உங்கிட்ட ஏதும் சொன்னானா?”

“இல்லம்மா,” என்றேன். “ஒரு தடவகூட சொல்லல.”