அட்டை ஒட்டிய ஜன்னல்

அருள்மொழி,

டியூஷன் முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சட்னியில் உப்பு தூக்கல். அம்மா மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வரும்வரை என் சமையல்தான், பொறுத்துக்கொள்.

ராத்திரி "இது வூடா, குடோனா?" என்று கத்தினேன். என் குடைத்துணியைக் கிழித்து வென்டிலேட்டரில் அடைத்து, ஃபிரிட்ஜ் வந்த அட்டையை ஜன்னல் முழுக்க ஒட்டி, நடுவில் ஆணி ஓட்டை போட்ட டப்பா மூடியைப் பொருத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? "காலையில வெயில் வந்ததும் பாருங்கப்பா" என்று நீ சொன்னது காதில் ஏறவில்லை.

காலையில் பிய்த்தெறியத்தான் கத்தியோடு போனேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இருட்டு. கண் பழகியதும் பார்த்தால், எதிர்ச்சுவர் முழுக்க நம் தெரு! வேப்பமரம் தலைகீழாக, பச்சைப்பசேலென்று, இலைகூட அசைகிறது. எதிர்வீட்டுக் கமலா அத்தை தலைகீழாகத் தொங்கியபடி துணி உலர்த்துகிறார். பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. முப்பது வருஷமாக மைன்ஸில் ராட்சத மெஷின்களைப் பார்த்தவன், ஒரு ஆணி ஓட்டைக்காகக் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் அட்டையைத் தொட விடாதே. புதுக் குடை நானே வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா

பி.கு.: இன்று வேலைக்கு ஏன் ஆட்டோவில் போனீர்கள் என்று கேட்பாய். சுவரில் ஒரு பஸ்ஸும் தலைகீழாக வந்து நின்றது, பிறகு மெல்ல நகர்ந்து போனது. என்ன அழகு என்று ரசித்துக்கொண்டே நின்றேன். அது என் ஷிப்ட் பஸ்.