கீழ்வீட்டு சீலிங்கில் ஒரு கறை

அன்பு மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம். அவருடைய கௌரவத்துக்கு மட்டும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொஞ்சம் முடியவில்லை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நம் குடியிருப்புச் சங்கத்தின் பழைய இன்சூரன்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. புதிதாக எதை எடுப்பது என்று முடிவு செய்ய, இருபத்து நான்கு வீட்டுக்காரர்களும் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சங்கத் தலைவர் என்ற முறையில் கைப்பிடி உள்ள ஒரே நாற்காலி உன் அப்பாவுக்கு. அவரவர் பயத்துக்கு ஏற்ற பாலிசியை அவரவர் கேட்டார்கள். மேல்மாடிப் பல் டாக்டருக்கு இடி விழுமோ என்று கவலை. ரிட்டயர்டு வக்கீல், படியில் யாராவது வழுக்கி விழுந்து சங்கத்தின் மேல் கேஸ் போட்டால் யார் பதில் சொல்வது என்றார். நீங்க போடாம இருந்தா போதும் சார் என்று பின்னாலிருந்து ஒரு குரல். நிலநடுக்கத்துக்கு மட்டும் அரை மணி நேரம். தண்ணீர்க் குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏஜெண்டு பெண்தான் படிவத்தை எடுத்து, மூணு வருஷத்துல எங்கயாவது நீர்க்கசிவு இருந்துச்சா, இல்லேன்னு எழுதிட்டு அப்புறம் இருந்தது தெரிஞ்சா இருபத்து நாலு வீட்டுக்கும் சல்லிக்காசு வராது, யோசிச்சுச் சொல்லுங்க சார் என்றாள். உன் அப்பா யோசிக்காமலே, இல்லைன்னு எழுதிக்கோம்மா என்றார்.

உனக்குத்தான் தெரியுமே, நம் குளியலறைக் குழாய் கீழ்வீட்டுத் தையல்காரர் சீலிங்கில் கசிகிறது. உன் அப்பா, தானே கடைகடையாக ஏறித் தேர்ந்தெடுத்த டைல்ஸை உடைக்க மனசில்லாமல், அது ஈரக்காற்று என்று சொல்லி, வருஷம் தவறாமல் ஆள் அனுப்பி அந்த சீலிங்குக்கு வெள்ளையடித்துக் கொடுக்கிறார். ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. அந்த மனுஷரோ தலைவர்னா தங்கம் என்று கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். கறைக்கு நேர் கீழே அவருடைய மூன்று தையல் மெஷின்கள். குழாய் ஒரு நாள் உடைந்துபோனால் அவர் பிழைப்பு போகும், இன்சூரன்ஸும் கைவிரிக்கும். நான் எழுந்து, எங்க பாத்ரூம் மூணு வருஷமா ஒழுகுது, இவர் வெள்ளையடிச்சு மறைக்கிறார், ஆமான்னு எழுதிக்கோ என்றேன். கைப்பிடி நாற்காலி கிறீச்சிட்டது. தையல்காரர் மெதுவாக, அப்ப அது ஈரக்காத்து இல்லையா தலைவரே என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் உன் அப்பா சமாளித்திருப்பார்.

குழாய்ச் சேதமும் சேர்ந்த பாலிசியைத்தான் எடுப்பது என்று முடிவானது. அதற்கு முன் கசிவை அடைத்தாக வேண்டும் என்று கம்பெனியின் நிபந்தனை. வேலை முடியப் பத்து நாள் ஆகும் என்கிறார் பிளம்பர். அதுவரை எங்கள் குளியல் தையல்காரர் வீட்டில், அவரே கூப்பிட்டார். தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாகச் சங்கத் தலைவர் படியிறங்கும் அழகைப் பார்க்க நீ இங்கே இல்லையே. முதல் நாள் குளித்துவிட்டு வந்தவர், மெஷினுக்கு நடுவுல பக்கெட் வெச்சிருக்கார்டி, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல என்றார். மறுநாள் பிளம்பர் வருவதற்குள், சுத்தியலை எடுத்துத் தன் டைல்ஸைத் தானே உடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நீ இருக்கும் கட்டடத்தின் பாலிசியையும் கேட்டு வாங்கிப் படி, இழப்பீடு சுவரோடு நிற்கிறதா, வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கும் வருகிறதா என்று பார். அப்பா போனில் வந்தால் டைல்ஸ் பேச்சை எடுக்காதே. நோய்நொடி இல்லாமல், ஒழுகாத கூரைக்குக் கீழே நன்றாக இரு.

சபையில் புருஷனைக் காட்டிக்கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும்,
உன் அம்மா