ராணியின் விலா எலும்பு

மரக்காணம்,
4-8-2005

அன்பு மகள் சூர்யகலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நம் குதிரை ராணியும் நலம், மஸ்கட்டில் நீயும் நலமாயிருக்க அங்காளம்மன் துணை. மூன்றாவது பெயரைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாய், நன்றாகச் சுளித்துக்கொள்.

விலா எலும்பு தெரிகிற குதிரையைக் கல்யாண சாரட்டில் யார் பூட்டுவார்கள், தள்ளிவிடுங்கள் என்று அப்பாவிடம் போனில் சொன்னாயாம், அவரும் சரி என்றுவிட்டார். மறுநாளே கிளியனூர் தரகன் குப்புசாமி கயிற்றோடு வந்து, இன்னாம்மா, எலும்பா வண்டி இழுக்கும், அவுத்து வுடுங்க என்றான். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறு என்று அனுப்பிவிட்டேன். ராணி இளைத்தது அவள் குற்றமா. சுனாமியில் கடல் தண்ணீர் ஏறிப் புல்லெல்லாம் கருகிப்போய், வெறும் கொள்ளும் வைக்கோலும் தின்று கிடந்தாள். எண்ணெய் கொடுத்தால் சதை பிடிக்கும் என்று யாரோ சொல்ல, உன் அப்பா டீக்கடையில் வடை சுட்டு மிஞ்சின எண்ணெய் சும்மா கிடைக்கிறதே என்று ஒரு சொம்பு வாங்கிவந்து தீனியில் ஊற்றிவிட்டார். மூன்று நாள் வயிற்றுவலியில் படுத்துப் புரண்டாள். நீங்க தின்னாத காறல் எண்ணெய அதுக்கு ஏங்க ஊத்துறீங்க, குதிரைக்குப் பித்தப்பையே கெடையாது, புது எண்ணெயா கொஞ்சங் கொஞ்சமாத்தான் பழக்கணும் என்று கால்நடை டாக்டரம்மா போட்ட சத்தத்தில் உன் அப்பா மாட்டுக்கொட்டகைப் பக்கம் நழுவிவிட்டார்.

அன்றிலிருந்து அவள் தீனி என் கையில். வாராவாரம் மல்லாட்டையைச் செக்கில் கொடுத்துப் புதிதாகக் கடலை எண்ணெய் ஆட்டி வருகிறேன். முதல் வாரம் ஒரு கரண்டி, அடுத்த வாரம் இரண்டு, இப்போது வேளைக்கு ஒரு டம்ளர், ஊறவைத்த கொள்ளில் பிசைந்து வைத்தால் தொட்டியை நக்கிவிட்டுத்தான் நிமிர்கிறாள். பச்சைத் தீனிக்குப் பெருமுக்கல்லில் உன் சித்தி ரேணுகா கொல்லையில் குதிரைமசால் போட்டிருக்கிறோம், அறுத்துக் கட்டி பஸ்ஸில்தான் கொண்டுவருகிறேன். புல்லுக்கட்டுக்கு பஸ்ல எடமில்ல என்றான் கண்டக்டர். மடியில் வைத்துக்கொள்கிறேன், மடிக்கும் டிக்கெட் கிழிப்பாயா என்றேன். மனுசங்களுக்கே தாளிக்க எண்ணெய் இல்ல, இவ குதிரைக்கு ஊத்துறா பாரு என்கிறாள் பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா. நான் தாளிக்காத ரசம் குடிக்கிறேன், உனக்கென்ன என்று கேட்டுவிட்டேன்.

பொய் சொல்லமாட்டேன், இன்னும் இரண்டு விலா எலும்பு தெரிகிறது. முன்பு அத்தனையும் தெரிந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குச் சாரட்டு கேட்டு வந்தவர்களிடம் ராணிதான் வருவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி இது விஷயமாக அப்பாவுக்குப் போன் செய்யாதே, என்னிடம் பேசு.

நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. போன மாதம் நீ அனுப்பின போட்டோவில் உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. டியூட்டி முடிந்து வந்து நேற்றுப் பொங்கியதைச் சுடவைத்துத் தின்கிறாய், எனக்குத் தெரியாதா. எலும்பு தெரிகிறது என்று உன்னை யாரிடமாவது தள்ளிவிடச் சொன்னேனா. லீவு கிடைத்ததும் வந்து சேர், உன் சாப்பாடும் என் கையில்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலாம்பாள்