தேவிஸ்ரீயின் கிண்ணம்

ரெம்பியா, 12.8.1997

அன்புள்ள நிர்மலாவுக்கு,

நீயும் அத்தையும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு மளமளவென்று இறங்கிய எடை, இரண்டு மாதமாக அசையவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் ஒட்டுப்பால் நிறுக்கும் தராசில்தான் ஏறிப் பார்க்கிறேன். கோலாலம்பூர் டாக்டரிடம் போக, கணக்கு எழுதும் கிராணியான எனக்கு லீவு கிடைக்கவில்லை. எடை நின்ற காரணம் எனக்கே தெரியும். சோறு இறங்காததால் பகலெல்லாம் இனிப்பு டின்பால் ஊற்றிய தேத்தண்ணீர்தான்.

ஞாயிறன்று கோயில் சாப்பாட்டில் குஞ்சம்மா அக்கா, "என்னா கிராணி, இவ்ளோதானா? நல்லா சாப்பிடுங்க லா" என்று இலை நிறையப் போட்டுவிட்டார். மனம் நோவாரே என்று அவசரமாக விழுங்கினேன். கோயிலுக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். பயப்படாதே, இப்போது ஒன்றுமில்லை.

சின்னக் கிண்ணத்தில், யாருடனாவது பேசிக்கொண்டு மெதுவாகச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். இங்கே பெரிய தட்டுகள்தான் இருக்கின்றன. நம் மகள் தேவிஸ்ரீ பருப்புச்சோறு சாப்பிட்ட எவர்சில்வர் கிண்ணத்தை, குழந்தை இறந்த பிறகு நீ அலமாரியில் பூட்டி வைத்தாயே, மனம் வந்தால் அதை அனுப்பு.

தபால் எடுத்துப்போகும் லோரி வந்துவிட்டது. அந்தக் கிண்ணத்தில் இரண்டு கரண்டிச் சோறுதான் பிடிக்கும். அதிலும் அவள் பாதியை எனக்கு மிச்சம் வைப்பாள்.

உன்
சேகரன்